ஏழு கடிகாரங்களைப் பிரித்த சிறுமி: கிரேஸ் ஹாப்பர் அம்மையார்

நாம் அன்றாடம் செய்யும் வேலைகள் இரு வகைப்படும். ஒன்று, சிந்தித்துச் செய்யும் வேலை. மற்றொன்று, ஒரு முறை செய்ததையே நூறு முறை திரும்பச் செய்யும் வேலை. முதல் வகை வேலை நம் அறிவை வளர்க்கிறது. இரண்டாம் வகை வேலையோ நம்மைச் சோர்வடையச் செய்கிறது. சோர்ந்த கை தவறு செய்கிறது. ரெக்கார்டு நோட்டில் படி எடுக்கும்போது ஒரு வரியை அப்படியே விட்டுவிட்டு அடுத்த வரிக்குத் தாவிய அனுபவம் நம்மில் யாருக்குத்தான் இல்லை?

கணிப்பொறிக்கு நாம் கொடுக்கும் கட்டளைகளின் தொடரை நிரல் என்கிறோம். இன்று நிரல் எழுதுவோர்க்கு எடிட்டர் என்னும் மென்பொருள் பெருந்துணையாக இருக்கிறது. முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டால் போதும்; அதில் இரண்டு மூன்று எழுத்துகளைத் தட்டியவுடன், அடிக்கடி தேவைப்படும் பத்து வரிகள் தாமாகவே வந்து அமர்கின்றன. எழுதியதைச் சேமித்தவுடன் வரிகள் ஒழுங்காக அடுக்கப்படுகின்றன. ஒரு விசையை அழுத்தினால் நிரல் சோதிக்கப்பட்டு ஓடத் தொடங்குகிறது. இந்த வசதிகள் எல்லாம் ஒரே நாளில் வந்துவிடவில்லை. நிரல் எழுதுவதில் உள்ள சலிப்பூட்டும் பகுதியை அந்தப் பொறியிடமே ஒப்படைத்துவிடலாம் என்று முதன்முதலில் துணிந்து செய்து காட்டியவர்களுள் ஒருவர் ஒரு பெண்மணி. அவரே கிரேஸ் ஹாப்பர் அம்மையார். அவருடைய வாழ்க்கை வரலாற்றை இங்குக் காண்போம்.

பிறப்பும் கல்வியும்

கிரேஸ் 1906ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 9ஆம் நாள் அமெரிக்காவின் நியூயார்க் நகரில் பிறந்தார். மூன்று பிள்ளைகளில் மூத்தவர். தந்தை வால்டர் மரே காப்பீட்டுத் தரகர். தாயார் மேரிக்குக் கணிதத்தின் மேல் தீராத பற்று. ஆனால் அவர் காலத்தில் ஒரு பெண் உயர்கணிதம் கற்பதை உலகம் ஏற்கவில்லை. தந்தையோ நோயினால் இரு கால்களையும் இழந்தவர். தம் மகனைப் போலவே பெண்மக்களும் படித்துத் தம் காலில் நிற்க வேண்டும் என்பது அவருடைய உறுதி. தாய்க்குக் கிட்டாத கல்வி மகளுக்குக் கிட்டியதற்கு இந்த நல்ல தந்தையும் ஒரு காரணம்.

கிரேஸுக்கு ஏழு வயதானபோது நடந்த நிகழ்ச்சி சுவையானது. கோடை விடுமுறையில் குடும்பத்தார் தங்கும் வீட்டில் ஏழு அலாரம் கடிகாரங்கள் இருந்தன. மணி எப்படி அடிக்கிறது என்று அறிய விரும்பிய சிறுமி ஒன்றைப் பிரித்தாள். மறுபடி பூட்டத் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ள இரண்டாவதைப் பிரித்தாள். இப்படியே ஏழும் பிரிந்து கிடந்தன! தாயார் கண்டுபிடித்தபோது மகளை அடித்து விரட்டவில்லை. இனி ஒரே ஒரு கடிகாரத்தைத்தான் தொடலாம் என்று வரையறை செய்துவிட்டார். எத்தனை அறிவுள்ள தாய்!

இத்தகைய சிறுமிக்கும் தோல்வி வந்தது. பதினாறாம் வயதில் வாசர் என்னும் பெண்கள் கல்லூரியில் சேர முயன்றபோது லத்தீன் மொழித் தேர்வில் போதிய மதிப்பெண் கிடைக்கவில்லை. அவர் மனம் தளராமல் ஓராண்டு படித்து 1924இல் அதே கல்லூரியில் சேர்ந்தார். 1928இல் கணிதத்திலும் இயற்பியலிலும் பட்டம் பெற்றார். 1930இல் யேல் பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டமும், 1934இல் அங்கேயே கணிதத்தில் டாக்டர் பட்டமும் பெற்றார். இதனிடையே 1930இல் வின்சென்ட் ஹாப்பர் என்பவரை மணந்ததால் கிரேஸ் ஹாப்பர் ஆனார். 1931 முதல் தாம் படித்த வாசர் கல்லூரியிலேயே கணிதம் கற்பித்து வந்தார்.

கடற்படையில் ஓர் ஆசிரியை

1941இல் அமெரிக்கா இரண்டாம் உலகப் போரில் இறங்கியது. கிரேஸின் கொள்ளுத் தாத்தா கடற்படைத் தளபதியாக இருந்தவர். எனவே தாமும் கடற்படையில் சேர விரும்பினார். வயது கூடிவிட்டது என்றார்கள். கணிதப் பேராசிரியரின் பணி நாட்டுக்கு வேண்டியது, கல்லூரியிலேயே இருங்கள் என்றார்கள். எடையும் போதவில்லை. 120 பவுண்டு வேண்டிய இடத்தில் அவர் 105 பவுண்டே இருந்தார். ஆயினும் விடாமல் முயன்று தனி அனுமதி பெற்று 1943 டிசம்பரில் பெண்கள் கடற்படைப் பிரிவில் சேர்ந்தார். தம்மிலும் இளைய பெண்களோடு பயிற்சி பெற்று வகுப்பில் முதலிடம் பெற்றார்.

1944 ஜூலையில் அவரை ஹார்வர்ட் பல்கலைக்கழகத்திற்கு அனுப்பினார்கள். அங்கே ஹோவர்டு ஐக்கன் என்னும் அறிஞரின் பொறுப்பில் மார்க் 1 என்ற கணக்கிடும் பொறி இயங்கி வந்தது. அதன் நீளம் 51 அடி. உயரம் 8 அடி. எடை ஏறக்குறைய 5 டன். ஒரு விநாடியில் மூன்று கூட்டல்கள் செய்யும். ஒரு வகுத்தலுக்கோ 15 விநாடி பிடிக்கும். இன்று இது ஆமை வேகம். அன்று இது அதிசயம். வந்த அன்றே அம்மையாருக்கு வேலை காத்திருந்தது. ஒரு கடினமான கணக்கின் விடைகளை 23 இலக்கம் வரை அடுத்த வாரத்திற்குள் கண்டு தர வேண்டும் என்றார் ஐக்கன். பொறியைக் கண்ணால் கண்டே சில மணி நேரம்தான் ஆகியிருந்தது! சக அலுவலர்களான ரிச்சர்டு பிளாக், ராபர்ட் கேம்பல் என்ற இளைஞர்கள் வழிகாட்ட, அவர் வேலையைக் கற்றுக்கொண்டார். பின்னர் அப்பொறியை இயக்கும் முறைகளை விளக்கும் 561 பக்க நூல் 1946இல் வெளிவந்தபோது, அதன் பெரும்பகுதியை எழுதியவர் அவரே.

மார்க் 1 பொறிக்குக் கட்டளைகளைக் காகித நாடாவில் துளைகளாக இட்டுக் கொடுக்க வேண்டும். ஒரு கோணத்தின் சைன் மதிப்பைக் காண்பது போன்ற சில கணக்குகள் மீண்டும் மீண்டும் வரும். அவற்றுக்கான கட்டளைகளை ஒருவர் சரியாக எழுதி முடித்தால், மற்றவர்கள் தம் நோட்டில் படி எடுத்து வைத்துக்கொள்வார்கள். தேவைப்படும்போது அந்தத் துணை நிரலைப் பார்த்துத் தம் நிரலில் மீண்டும் கையால் எழுதுவார்கள். நாம் கடன் வாங்கிய நோட்டைப் பார்த்து எழுதுவது போலத்தான்! இந்தச் சிறிய பழக்கத்தை நாம் மறவாமல் நினைவில் கொள்ள வேண்டும். பின்னாளில் அம்மையார் கண்ட புதுமை இந்த நோட்டுகளிலிருந்தே பிறந்தது.

இங்கே வருத்தத்துடன் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1944இல் ஜான் வான் நியூமன் என்னும் பெரும் கணித அறிஞர் ஒரு கணக்கைக் கொண்டு வந்தார். மார்க் 1 அதைச் செய்து முடித்தது. அது அணுகுண்டின் உள்வெடிப்பைப் பற்றிய கணக்கு. அம்முறையில் செய்யப்பட்ட குண்டு 1945 ஆகஸ்டு 9ஆம் நாள் நாகசாகி நகரின் மேல் வீழ்ந்தது. ஜப்பானியக் கத்தோலிக்கர் திரளாக வாழ்ந்த ஊராக்கமி பகுதியும் அவர்கள் கட்டிய பேராலயமும் அன்று அழிந்தன. பொறி கேள்வி கேட்பதில்லை. கொடுத்த கணக்கைச் செய்கிறது. ஏன் செய்கிறோம், எதற்காகச் செய்கிறோம் என்று கேட்க வேண்டியது மனிதரின் கடமை. வேலையைப் பொறியிடம் ஒப்படைக்கலாம். மனச்சாட்சியை ஒப்படைக்க முடியாது.

போர் முடிந்த பின்னும் அம்மையார் ஹார்வர்டிலேயே தங்கினார். 1947 செப்டம்பர் 9ஆம் நாள் மார்க் 2 என்னும் பொறி கோளாறு செய்தபோது, அதன் உள்ளே ஓர் அந்துப்பூச்சி சிக்கி இறந்து கிடந்ததைக் கண்டார்கள். அதை எடுத்துப் பதிவேட்டில் ஒட்டி வைத்தார்கள். பிழையைப் பூச்சி என்று பொறியாளர்கள் அதற்கு முன்பிருந்தே அழைத்து வந்தனர். ஆகையால் அச்சொல்லை அம்மையார் படைத்தார் என்பது சரியன்று. அவர் இக்கதையைப் பல மேடைகளில் சுவையாகச் சொன்னதால் அது உலகெங்கும் பரவியது.

பொறிக்குக் கற்பித்தவர்

1949இல் அம்மையார் பிலடெல்பியா நகரில் எக்கர்ட், மாக்லி என்ற இருவர் நடத்திய கணிப்பொறி நிறுவனத்தில் சேர்ந்தார். யூனிவாக் என்னும் புகழ்பெற்ற கணிப்பொறி அங்கே உருவாகிக்கொண்டிருந்தது. அங்கிருந்த பைனாக் என்னும் மற்றொரு கணிப்பொறிக்காக அவர் எட்டின் அடிமான எண்களில் கணக்கிடக் கற்றுக்கொண்டார். அதன் விளைவு என்ன தெரியுமா? தம் வங்கிக் கணக்கு நேராகவே இல்லை! வங்கியில் பணிபுரிந்த தம்பியிடம் காட்டினார். தம்பி துருவிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, அக்கா சில இடங்களில் எட்டின் அடிமானத்தில் கழித்திருக்கிறார் என்று. மனிதர் பொறியின் மொழியைக் கற்றுத் தடுமாறுவதை விட, பொறி மனிதரின் மொழியைக் கற்றுக்கொண்டால் என்ன என்ற எண்ணம் அவருக்கு உண்டாயிற்று.

யூனிவாக்கிலும் பழைய தொல்லை தொடர்ந்தது. நிரல் எழுதுவோர் ஒருவர் நோட்டிலிருந்து மற்றவர் நோட்டுக்குத் துணை நிரல்களைப் படி எடுத்தார்கள். கணிப்பொறியின் நினைவகத்தில் ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு முகவரி உண்டு. துணை நிரலை வேறு இடத்தில் வைத்தால் அதில் உள்ள முகவரி எண்கள் எல்லாவற்றையும் கூட்டி மாற்ற வேண்டும். கூட்டலில் பிழைகள் நேர்ந்தன. எழுத்துகளும் மாறிப் போயின. ஆங்கில எழுத்தான பி, பார்வைக்குப் பதின்மூன்று என்னும் எண்ணாக மாறிவிடும்! கற்றறிந்தவர்களின் நேரம் இந்தப் பிழைகளைத் தேடுவதிலேயே கழிந்தது. அம்மையார் சிந்தித்தார். படி எடுப்பதும் கூட்டுவதும் கணிப்பொறிக்குக் கைவந்த கலை. அருகிலேயே அது நின்றுகொண்டிருக்க, மனிதர் ஏன் அந்த வேலையைச் செய்து தவற வேண்டும்?

அவருக்கு முன்னோடியாக ஒரு தோழியும் இருந்தார். பெட்டி ஹோல்பர்ட்டன் என்னும் அப்பெண்மணி 1951இல் யூனிவாக்கிற்கு ஒரு நிரல் எழுதினார். தகவல்களை வரிசைப்படுத்த வேண்டுமென்றால், அதற்கு வேண்டிய நிரலை அதுவே ஆக்கித் தரும். நிரலால் நிரலை எழுத முடியும் என்று காட்டிய அவருக்கு அம்மையார் எப்போதும் நன்றி பாராட்டி வந்தார்.

1951 அக்டோபரில் தொடங்கி 1952 மே மாதத்திற்குள் அம்மையார் ஏ-0 என்னும் கம்பைலரை, அதாவது தொகுப்பியை, உருவாக்கினார். சரிபார்த்த துணை நிரல்களைக் காந்த நாடாவில் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் அழைப்பு எண் கொடுத்தார். நூலகத்தில் எண்ணைச் சொன்னால் நூலை எடுத்துத் தருவது போல, எண்களை வரிசையாகக் கொடுத்தால் கணிப்பொறியே அந்தத் துணை நிரல்களை எடுத்து, முகவரிகளைக் கூட்டி மாற்றி, முழு நிரலாகக் கோத்துக் கொடுத்துவிடும்.

இதில் ஒரு சிக்கல் எழுந்தது. நிரலின் ஓரிடத்திலிருந்து, இன்னும் கோக்கப்படாத மற்றோர் இடத்திற்குத் தாவ வேண்டியிருந்தால் என்ன செய்வது? போய்ச் சேர வேண்டிய இடத்தின் முகவரியே இன்னும் தெரியாதே! அம்மையாருக்குத் தம் கல்லூரிக் கூடைப்பந்து ஆட்டம் நினைவுக்கு வந்தது. அக்காலப் பெண்கள் ஆட்டத்தில் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓரடி கூட நடக்கக் கூடாது. ஆகவே பந்தைத் தோழியிடம் எறிந்துவிட்டு முன்னே ஓடினால், அவள் திருப்பி எறிவாள். அதே போல நினைவகத்தின் கடைசியில் ஒரு மூலையை ஒதுக்கினார். நிரல் முதலில் அந்த மூலைக்குத் தாவும். சேர வேண்டிய இடம் பின்னர்த் தெரிய வந்ததும், மூலையிலிருந்து அவ்விடத்திற்கு இரண்டாவது தாவல் எழுதப்படும். விளையாட்டு மைதானத்தில் கற்றதும் வீண் போகாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று உண்டோ?

ஆனால் பலர் அதை நம்பவில்லை. கணிப்பொறி கணக்குத்தான் போடும், நிரல் எழுதாது என்று அவருக்கே பாடம் சொன்னார்கள். ஓடிக்கொண்டிருக்கும் கம்பைலரை எதிரே வைத்துக்கொண்டே இதைக் கேட்க வேண்டியிருந்தது! தாம் அரிதில் கற்ற கலை எல்லோர்க்கும் எளிதாகிவிட்டால் தம் மதிப்புக் குறைந்துவிடுமே என்று அஞ்சியவர்களும் இருந்தார்கள். அம்மையார் கோபிக்கவில்லை. 1952 மே மாதம் அறிஞர் கூட்டமொன்றில் கட்டுரை படித்து விளக்கினார். கணிப்பொறிக்குக் கல்வி அளிப்பது என்பதே அக்கட்டுரையின் கருத்து. படி எடுக்கும் வேலையிலிருந்து விடுபட்டவர் மீண்டும் கணித அறிஞராகச் சிந்திக்கலாம் என்பது அவர் காட்டிய பயன். அன்று அவர் செய்தது இன்றைய கம்பைலர்களைப் போல் முழுமையானதன்று. நிரல் துண்டுகளை இணைக்கும் கருவி என்றே இன்று அதைச் சொல்வார்கள். ஆயினும் கதவைத் திறந்தவர்களுள் அவர் ஒருவர் என்பதில் ஐயமில்லை.

அடுத்து, வாணிகக் கணக்கு எழுதுவோர் குறியீடுகளை விரும்புவதில்லை என்று கண்டு, ஆங்கிலச் சொற்களாலேயே கட்டளையிடும் முறையை 1955இல் முன்வைத்தார். இதுவே பின்னர் ஃபுளோமேட்டிக் எனப் பெயர் பெற்றது. ஆங்கிலம் போலவே பிரெஞ்சு, ஜெர்மன் சொற்களாலும் நிரல் எழுதிக் காட்டினார். நிருவாகத்தார் திடுக்கிட்டார்கள். பிலடெல்பியாவில் செய்த அமெரிக்கக் கணிப்பொறிக்குப் பிரெஞ்சும் ஜெர்மனும் எப்படிப் புரியும் என்று அவர்கள் எண்ணினார்களாம்! ஆங்கிலம் மட்டும்தான் என்று உறுதி கூறிய பிறகே வேலை நடந்தது. பொறிக்கு எல்லா மொழியும் ஒன்றுதான் என்பதை அவர்கள் அறியவில்லை.

1959 மே மாதம் பல நிறுவனத்தாரும் அரசினரும் கூடி, எல்லாக் கணிப்பொறிகளுக்கும் பொதுவான வாணிக மொழி ஒன்று வேண்டும் என முடிவு செய்தனர். அப்படி உருவானதே கோபால். நம் ஊர் அண்ணன் பெயர் போல ஒலிக்கும் இம்மொழியை அமைத்தவர்கள் ஜீன் சாமெட் அம்மையார் முதலிய குழுவினர். ஹாப்பர் அதற்கு ஆலோசகர். அவருடைய ஃபுளோமேட்டிக்கே அதற்குப் பெரிதும் அடிப்படையாயிற்று. 1960 டிசம்பரில் ஒரே கோபால் நிரல் இரு வேறு நிறுவனங்களின் கணிப்பொறிகளில் ஓடிக் காட்டியது. 2020இல் கொரோனாக் காலத்தில் வேலை இழந்தோர்க்கு உதவித்தொகை வழங்கும் பழைய கணிப்பொறிகள் திணறியபோது, நியூ ஜெர்சி மாநில ஆளுநர் கோபால் தெரிந்தவர்கள் வேண்டும் என்று அழைப்பு விடுத்தார். அறுபது ஆண்டுக்குப் பின்னும் அம்மொழி உழைத்துக்கொண்டிருந்தது!

ஓய்வறியா உழைப்பு

1966இன் இறுதியில் அறுபது வயதில் கடற்படை அவருக்கு ஓய்வளித்தது. சில மாதங்களே கழிந்தன. கடற்படையின் கோபால் நிரல்களை ஒழுங்குபடுத்த ஆறு மாதத்திற்கு வாருங்கள் என்று மீண்டும் அழைத்தார்கள். அந்த ஆறு மாதம் இடையில் ஒரு சிறு ஓய்வு நீங்கலாக ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக நீண்டது. 1985இல் ரியர் அட்மிரல் என்னும் உயர்பதவி கிடைத்தது. 1986 ஆகஸ்டில் தம் 79ஆம் வயதில் பாஸ்டன் துறைமுகத்தில் பழம்பெரும் கப்பல் ஒன்றின் மேல் விடை பெற்றார். அதன் பிறகும் வீட்டில் இருக்கவில்லை. ஒரு கணிப்பொறி நிறுவனத்தில் ஆலோசகராகச் சேர்ந்து இறுதிவரை பணி செய்தார்.

அவர் பிறவி ஆசிரியை. ஒரு நானோ விநாடி என்பது ஒரு விநாடியை நூறு கோடியாகப் பங்கிட்டால் கிடைக்கும் ஒரு பங்கு. இதை எப்படி விளக்குவது? அந்த நேரத்தில் ஒளி செல்லக்கூடிய தூரம் 11.8 அங்குலம். அந்த நீளத்திற்குக் கம்பிகளை வெட்டி, கேட்க வந்தவர்களின் கையில் கொடுத்துவிடுவார்! மைக்ரோ விநாடிக்கோ 984 அடிக் கம்பிச் சுருளைத் தூக்கிக் காட்டுவார். அவர் அறைச் சுவரில் முட்கள் இடப்பக்கமாகச் சுற்றும் கடிகாரம் ஒன்று மாட்டியிருந்தது. அதிலும் மணி சரியாகவே தெரியும். வழக்கமாகச் செய்வது ஒன்றே வழி என்று எண்ணாதீர்கள் என்பதற்கு அந்தக் கடிகாரமே சாட்சி. ஏழு கடிகாரங்களைப் பிரித்த சிறுமி முதுமையிலும் மாறவில்லை!

1992ஆம் ஆண்டு புத்தாண்டு நாளன்று அம்மையார் தம் 85ஆம் வயதில் உறக்கத்தில் இறைவனடி சேர்ந்தார். ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் படை மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்டார். 1997இல் ஒரு போர்க்கப்பல் அவர் பெயரால் பணியில் சேர்ந்தது. 2016இல் அமெரிக்காவின் சுதந்திரப் பதக்கம் அவர் மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது. 2017இல் யேல் பல்கலைக்கழகம் தன் கல்லூரிகளுள் ஒன்றுக்கு அவர் பெயரைச் சூட்டியது.

நாம் பெறும் பாடம்

தோழியரே, வேலையைப் பொறி செய்யட்டும் என்று அம்மையார் சொன்னது சோம்பலால் அன்று. அவர் அந்த வேலையைப் பல ஆண்டுகள் தம் கையாலேயே செய்தவர். அதனால்தான் எங்கே பிழை நேரும், எது திரும்பத் திரும்ப வரும் என்று அவருக்குத் தெரிந்தது. தான் அறியாத வேலையைப் பிறருக்குக் கற்பிக்க யாராலும் முடியாது, பொறிக்கும் முடியாது. இன்று எடிட்டரில் ஒரு விசையை அழுத்தி வேலையை முடிக்கும் நாமும், அந்த விசை நமக்காக என்ன செய்கிறது என்று ஒரு முறையாவது பிரித்துப் பார்த்திருக்க வேண்டும்.

மிச்சமாகும் நேரத்தை என்ன செய்கிறோம் என்பது அடுத்த கேள்வி. தாலந்துகளைப் பெற்ற ஊழியரின் உவமையை நாம் சிறு வயது முதல் கேட்டு வருகிறோம். பொறி நமக்குத் திருப்பித் தரும் ஒவ்வொரு மணி நேரமும் ஒரு தாலந்தே. அதைப் புதைத்து வைப்பதும் பெருக்கிக் கொடுப்பதும் நம் கையில் இருக்கிறது. நாகசாகியை நினைத்தால், அதை நல்லதற்கே பெருக்க வேண்டும் என்பதும் விளங்கும். ஹாப்பர் அம்மையாரைப் போல அறிவோடு துணிவையும், துணிவோடு பொறுமையையும் நமக்குத் தருமாறு இறைவனை வேண்டி உழைப்போமாக!